மீன் பிடிக்கணும்னா முதலில் வற்றின ஏரிக்குப் போங்க

தூண்டில் பழகணும் என்று யார் வந்து கேட்டாலும் முள் எது, நரம்பு எது என்று நான் ஆரம்பிப்பதில்லை. வைகாசி வெயிலில் ஒருநாள் ஏரிக்குள் இறங்கி நடந்துவிட்டு வா என்றுதான் சொல்வேன். வேலூர்ப் பக்கத்துச் சின்ன ஏரிகளில் பாதிக்கு மேல் அந்த மாதத்தில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மிச்சம் இருக்கிறவற்றில் மதகடியில் மட்டும் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அப்போது கண்ணுக்குத் தெரிகிற மேடும் பள்ளமும்தான், ஐப்பசியில் ஏரி நிறைந்த பிறகு மீன் நிற்கிற இடம். தண்ணீர் மூடின பிறகு எவ்வளவு விலை கொடுத்து ராடு வாங்கினாலும் அந்தப் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்காது.

எங்கள் ஏரி அணைக்கட்டு பக்கம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் நல்ல மழை இறங்கினால்தான் வரத்துக் கால்வாய் நனையும். பெரிய ஏரி ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மண் கரை, கரையில் இரண்டு மதகு, ஒரு மூலையில் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல், எதிர்ப்பக்கம் சரிவாக ஏறிப் போகிற உள்வாய். வட ஆர்க்காடு முழுக்க ஏரிகளின் அமைப்பு இதுதான். மகேந்திரவாடியில் 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பெயரால் வெட்டின ஏரிக்கும், மூன்றாம் நந்திவர்மன் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்கும், நம் ஊர்ப் பஞ்சாயத்து ஏரிக்கும் அளவுதான் வேறு. எல்லாம் பாசனத்துக்கு வெட்டினது. அதனால் ஆழம் எப்போதும் கரையை ஒட்டி, மதகுப் பக்கம் இருக்கும். உள்வாய் போகப் போக முழங்கால் தண்ணீர்தான். ஒரு ஏரியைப் படிக்கத் தெரிந்தால் பக்கத்து ஏரியும் பாதி தெரிந்த மாதிரி.

காய்ந்த ஏரியில் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் வரத்துக் கால்வாயின் பழைய தடம். உள்வாயில் நுழைகிற கால்வாய் அங்கேயே முடிந்துவிடாது, மண்ணுக்குள் ஒரு மெல்லிய பள்ளமாக வளைந்து வளைந்து மதகு வரைக்கும் போகும். ஏரி நிறைந்ததும் கெண்டை நடமாடுகிற பாதை அதுதான். அடுத்து, கரையை உயர்த்த மண் வெட்டி எடுத்த பள்ளங்கள். கரையடியில் வரிசையாக இருக்கும். அப்புறம் வேலிகாத்தான் வெட்டின கட்டைகள். கட்டை இருக்கிற இடத்தில் தூண்டில் போட்டால் முள் சிக்கும், ஆனால் விரால் பதுங்குவதும் அங்கேதான். எந்தப் பக்கம் சிக்கும், எந்தப் பக்கம் சிக்காது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்த்ததை நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. பள்ளத்தில் நின்றபடி கரையைப் பாருங்கள். ஒரு பனைமரமும் அதற்குப் பின்னால் மலை முகடும் ஒரே நேரில் வரும். இன்னொரு பக்கம் கோயில் கோபுரமும் மின்கம்பமும் நேரில் வரும். இந்த இரண்டு நேரையும் மனதில் பதித்துக்கொண்டால் தண்ணீர் ஏறின பிறகும் பள்ளம் தப்பாது. செல்போனில் குறித்து வைக்கலாம்தான். ஆனால் கரையில் நின்று வீசுகிறவனுக்குக் கண்ணால் பிடித்த நேர்தான் சட்டென்று கைகொடுக்கும்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "இன்னா தம்பி, தண்ணியே இல்லாத ஏரில மீனு தேடிக்கினு கீற?"

"பள்ளம் எங்க கீதுன்னு பாக்கறேன் தாத்தா."

அவர் சிரிக்கவில்லை. கோலை நீட்டிக் காட்டினார். "அந்தப் புளியமரத்துக்கு நேரா பழைய கெணறு ஒன்னு கீது, பாதி தூந்து போய். தண்ணி ஏறிச்சுன்னா ஒன்னும் தெரியாது. அங்க எறங்காத. ஆனா வெராலு கேட்டின்னா அங்கதான்." எனக்குக் கிடைத்த தகவல்களில் இதற்கு மேல் மதிப்பானது எதுவும் இல்லை. எந்த ஏரிக்குப் போனாலும் ஆடு மேய்ப்பவர், துணி துவைக்க வருகிற அக்கா, மதகு திறந்து விடுகிற நீர்க்கட்டி, இவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். ஏரியை வருஷம் முழுக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

உள்வாயில் தண்ணீர் பின்வாங்கின இடத்தில் இன்னொன்று இருக்கும். வட்ட வட்டமாகக் குழிகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். குனிந்து பார்த்தால் குழிக்குள் வண்டல் இல்லை, சுத்தமாகச் சரளை தெரியும். விளிம்பில் ஒதுக்கித் தள்ளின மண் மேடாக எழும்பி, வெயிலில் விரிசல் விட்டிருக்கும். ஒரு குழியை ஒட்டியே அடுத்த குழி, அதை ஒட்டி இன்னொன்று. ஜிலேபி மீனின் கூடுகள் இவை. ஆண் மீன் வாயாலும் வாலாலும் மண்ணை ஒதுக்கிக் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, முட்டைகளை அப்படியே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிப்பதும் கொஞ்ச நாள் காப்பதும் வாய்க்குள்தான். 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன் இது, இன்று நம் ஏரிகளில் எதை விடவும் அதிகமாக இருப்பதற்கு இந்த வாய்தான் காரணம். குழிகள் இருக்கிற அந்த ஆழத்துக்கே அடுத்த வருஷமும் ஜிலேபி வரும். தண்ணீர் தொடை அளவுக்கு நிற்கும்போது அங்கே மண்புழு போட்டுப் பாருங்கள்.

அடியில் ஈரம் காயாத சேற்றில் விரல் நுழைகிற ஓட்டைகள் தெரிந்தால் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழை வரும் வரை தாக்குப்பிடிக்கும். பலபேர் அதைத் தோண்டி எடுத்து வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, ஐப்பசியில் "ஏரியில் விராலே இல்லை" என்பார்கள். சேற்றில் படுத்திருப்பதுதான் அடுத்த வருஷத்து விரால்.

ஆடி, ஆவணியில் இடியோடு முதல் மழை இறங்கும்போது மீன் ஏறும். கால்வாயில் புதுத்தண்ணீர் வர வர, வயிறு நிறையச் சினையோடு கெளுத்தியும் குறவையும் எதிர்த்து ஏறி வரும். கால்வாயை மறித்துக் கொசுவலை கட்டி நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு கூடை மீன் அன்றைக்குக் கிடைக்கும், உண்மைதான். அந்தக் கூடைக்குள் இருப்பது அந்த வருஷத்து ஏரி மொத்தமும். நான் அந்தச் சில வாரங்கள் தூண்டிலைத் தொடுவதே இல்லை. ஏரி நிறைந்து கலங்கலில் வழிகிறபோதும், அதாவது கோடி போகும்போதும், அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போயின. மேல் ஏரி மீன் கீழ் ஏரிக்கு வந்தது. கலங்கலில் பாய்கிற தண்ணீரில் வேட்டியை விரித்து மீன் பிடிக்க இறங்கினவர்களையும் பார்த்தேன். கலங்கல் கல்லில் பாசி வழுக்கும், இழுப்பு கணுக்காலிலேயே ஆளைத் தள்ளும். அங்கே இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

தூண்டிலைப் போடும் முன் ஏரி யார் குத்தகை என்று கேட்க வேண்டும். மீன்பாசி குத்தகை பசலி என்கிற வருவாய்த் துறை ஆண்டுக் கணக்கு, ஜூலை 1-ல் தொடங்கும். குத்தகைக்காரர் தண்ணீர் நிறைந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் விரலிகளை, அதாவது விரல் நீளக் குஞ்சுகளை, வாங்கி ஏரியில் விடுவார், மாசி பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது வலை இழுப்பார். இந்த மூன்றும் ஓடுகிற ஆற்றில்தான் இனப்பெருக்கம் செய்யும், ஏரியில் தேங்கின தண்ணீரில் செய்யாது. 1957-ல் ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர்கள் ஹீராலால் சவுத்ரியும் அலிக்குன்ஹியும் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் நாடு முழுக்கக் குளங்களுக்கு இந்தக் குஞ்சு தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஆகவே ஏரியில் மாட்டுகிற ஒவ்வொரு ரோகுவும் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்டது. எங்கள் ஏரிக் குத்தகைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினேன். "ஜிலேபி, கெளுத்தி, விரால் எது மாட்டினாலும் எடுத்துக்க தம்பி. கட்லா ரோகு மட்டும் விட்டுடு, இல்லன்னா எடை போட்டுக் காசு குடு" என்றார். நியாயமான பேச்சு. இன்று வரை அதில் சண்டை வந்ததில்லை. பேசாமல் போய் உட்கார்ந்தவர்களோடுதான் கரையில் தகராறு நடக்கிறது.

சாமான் அதிகம் வேண்டாம். ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மூங்கில் கழி போதும். கழி நீளத்துக்கு நரம்பு, சின்ன முள், ஒரு தக்கை, ஒரு ஈயக் குண்டு. ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்குகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஈயம் விஷம், குறட்டால் நசுக்குங்கள். அதே குறட்டால் முள்ளின் எதிர்க்கொக்கியையும் அழுத்தி மடக்கிவிட்டால், விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் விடலாம். விடுகிற மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் மேல் வழுவழுப்பு போய்விடும், அப்புறம் அது புண் பிடித்துச் சாகும்.

இரை விஷயத்தில் ஊருக்கு ஊர் ரகசியம் இருக்கும். கெண்டை வகைக்கு நான் பிசைவது மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் புண்ணாக்கு. வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, இடித்து, தவிடும் கோதுமை மாவும் சேர்த்து, ஏரித் தண்ணீரையே தெளித்துப் பிசைவேன். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருக்கும் என்பதால் அது வேண்டாம். முள்ளில் கோலி அளவு உருண்டை பிடித்தால் போதும். கை நிறைய அதே மாவை உதிர்த்து முதலில் அந்த இடத்தில் தூவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். இந்தச் சும்மா உட்காருவதுதான் புதியவர்களுக்கு வராது.

தக்கை அசைவைப் படிக்கத் தெரிந்தால் மேலே வரும் முன்பே எந்த மீன் என்று சொல்லிவிடலாம். படபடவென்று குட்டிக் குட்டியாய்த் துடித்தால் ஜிலேபி கொறிக்கிறது. இழுக்காதீர்கள், தக்கை சாய்ந்து நகர்கிற வரை பொறுக்க வேண்டும். நின்றுகொண்டிருந்த தக்கை மெல்ல மேலே எழும்பித் தண்ணீரில் படுத்துவிட்டால் கெண்டை. அது அடியிலிருந்து இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்குகிறது, ஈயத்தின் எடை தக்கையை விட்டுப் போய்விட்டது, அதனால் தக்கை படுக்கிறது. அந்த நொடிதான் சுண்ட வேண்டிய நேரம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தக்கை ஒரேயடியாக முங்கினால் கெளுத்தி, அது முள்ளை வயிறு வரைக்கும் விழுங்கியிருக்கும். ரோகு ரொம்ப நேரம் உதடால் தடவிப் பார்க்கும். தக்கை இருக்கிற இடத்திலேயே லேசாக நடுங்கும், பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் அது மாட்டும்.

விரால் தனிக் கணக்கு. அதற்குத் தக்கை கிடையாது. காற்றுக்காக அது மேலே வந்தே தீர வேண்டும், வந்து ஒரு மொடக்குக் காற்று குடித்துவிட்டு இறங்கும். அமைதியான தண்ணீரில் "பொளக்" என்று ஒரு சத்தம், ஒரு வளையம். அதைப் பார்த்ததும் வீசக் கூடாது. நின்று கவனித்தால் கொஞ்ச நேரத்தில் அதே சுற்றுவட்டத்தில் மறுபடி வளையம் எழும். இரண்டு மூன்று வளையம் பார்த்த பிறகு அது எந்தப் புதரில் இருக்கிறது என்று புரிந்துவிடும். ரப்பர் தவளையை அந்த வளையத்துக்கு அப்பால் விழ வைத்து, கோரை ஓரமாகத் தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். தண்ணீர் பிளந்து அடிக்கும். அடித்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கும், அதை அடக்க வேண்டும். விரால் தவளையை வாயில் வாங்கித் திரும்புகிற வரை ஓரிரு நொடி விட்டு, நரம்பு இறுகிய பிறகு ஓங்கிச் சுண்டினால்தான் முள் ஏறும்.

மழைக்காலத்தில் கரையோரம் தண்ணீர் மேல் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி புரளும். விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளையை இழுத்தால் குஞ்சைக் காக்க வந்து பெரிய மீன் நிச்சயம் அடிக்கும். இப்படிப் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காவல் போன அரைமணி நேரத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் குஞ்சுகளைத் தீர்த்துவிடும்.

விடியற்காலையில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது பாதி உண்மை. தண்ணீர் நிறைய இருக்கும் கார்த்திகையில் சரி. மார்கழிப் பனியில் ஜிலேபி வெயில் ஏறின பிறகுதான் வாய் திறக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் குறைந்து பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டால் விடியலுக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. பகலில் வெயிலில் பிராணவாயுவை விடுகிற அதே பாசி, ராத்திரி முழுக்க அதை உறிஞ்சும். விடியும்போது தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்த நேரம். கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும், இரையை மூக்குக்கு நேரே காட்டினாலும் தொடாது. வெயில் நன்றாக ஏறட்டும். இரண்டு நாள் தொடர்ந்து மூட்டம் போட்டு மீன் இப்படி வாய் பிளந்து நின்றால் உடனே குத்தகைக்காரருக்குச் சொல்லுங்கள், மொத்த ஏரியும் செத்து மிதப்பதற்கு முன்னால் வலை இழுத்தோ புதுத்தண்ணீர் விட்டோ ஏதாவது காப்பாற்றலாம்.

கெளுத்தியைக் கழற்றும்போது முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் கைக்குள் வராதபடி பிடியுங்கள். குத்திவிட்டால் கை தோள் வரை கடுக்கும். காயத்தைக் கழுவி, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரைமணிக்கு மேல் வைத்திருந்தால் வலி இறங்கும், அந்த விஷம் சூட்டில் செயலிழக்கிற வகை. முள் முனை உள்ளே உடைந்திருந்தாலும், டிடி ஊசி போட்டு வருஷங்கள் ஆகியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரைப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கும். அந்தி நேரம் டார்ச் இல்லாமல் கரை ஏறக் கூடாது. கடித்தால் கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கையைக் காலை அசைக்காமல் நேரே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றிலும் மோசம், லாரிக்கு மண் அள்ளின குழி. முழங்கால் தண்ணீரில் நடந்துபோகிற ஆள் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் காய்ந்த ஏரியில் அந்தக் குழிகளைப் பிள்ளைகளுக்கே காட்டி வைக்க வேண்டும்.

வற்றின ஏரியில் இன்னொன்றும் கண்ணில் படும், எந்தச் சாக்கடை எங்கிருந்து உள்ளே வருகிறது என்று. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. அது பற்றின வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. கழிவில் வருகிற உலோகங்கள் அடி வண்டலில் தங்கும், கெளுத்தியும் கெண்டையும் மேய்வது அந்த வண்டலைத்தான். தொழிற்சாலைத் தண்ணீரோ ஊர்ச் சாக்கடையோ இறங்குகிற ஏரியின் மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, விற்கிறவரிடம் வாங்குவதும் இல்லை. வெடி போட்ட மீன், பிளீச்சிங் பவுடர் கொட்டின மீனும் அப்படியே. வெடியும் விஷமும் 1897 மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்.

நல்ல ஏரி மீனிலும் வெயில் காலத்தில் மண் வாடை அடிக்கும். பாசியும் மண்ணில் உள்ள நுண்ணுயிரும் உண்டாக்குகிற வாடை அது, சதைக்குள்ளேயே ஏறியிருக்கும், மேலே கழுவினால் போகாது. உயிரோடு கொண்டுவந்தால் தொட்டியில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் இரை போடாமல் விட்டு வையுங்கள், தானாகக் குறையும். இல்லையென்றால் கல் உப்பும் கரைத்த புளியும் போட்டுப் பிசறி ஊறவைத்துக் கழுவ வேண்டும், புளிப்பு அந்த வாடையை அடக்கும். விராலுக்கு அடுப்புச் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசினால்தான் வழுவழுப்பு போகும். ஜிலேபியை வறுத்துவிடலாம். கெளுத்தியை மட்டும் வறுக்காதீர்கள், மாங்காய் போட்டுக் குழம்புதான். எங்கள் வீட்டில் அதை ராத்திரியே மண்சட்டியில் வைத்து இறக்கிவிடுவார்கள், கேழ்வரகுக் களி மறுநாள் காலையில்தான் கிண்டுவார்கள், அதற்குள் மாங்காயின் புளிப்பு மீனில் இறங்கியிருக்கும்.